சானி கணவாய்க்கு ஒரு நாள் பயணம்: பனிப்பொழிவை நம்புவதா, உறைந்த அருவியை நம்புவதா?

மெரிபேங்க் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு இந்த ஆண்டு 72 வயது நிறைகிறது. உம்சிண்டோ பக்கத்தில் கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்த நாள் முதல் மெரிபேங்கை விட்டு அதிகம் நகராதவர். இதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சென்ற வாரம் தொலைக்காட்சியில் டிராக்கன்ஸ்பெர்க் மலையைக் காட்டியபோது, "சாவதற்குள் அதை ஒரு தரம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்று தம் போக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு 11 வயதும் 6 வயதும். எங்களிடம் இருப்பது சாதாரண சிறிய கார். கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால் தங்கிவர வழியில்லை. காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துவிடலாமா, எங்கே போனால் பனியைக் கட்டாயம் பார்க்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஹோவிக் வாசி

தங்கையே, முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் மொழியில் பனி என்றால் மார்கழிப் பனியும் அதுதான், புல் நுனியில் உறைந்து வெளுத்திருப்பதும் அதுதான், வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதும் அதுதான். உங்கள் மாமியார் தொட விரும்புவது மூன்றாவது வகை. நம் மாகாணத்தில் நாள் குறித்து வராதது அந்த ஒன்றுதான்.

காரணம் எளியது. குவாசூலு-நட்டாலில் மழைக்காலம் கோடை, குளிர்காலம் வறண்டது. ஜூலையில் மலை உச்சியில் இரவுதோறும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினாலும் விழுவதற்கு ஈரம் இருப்பதில்லை. தெற்கிலிருந்து வலுவான குளிர்முகமோ (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு), மேல்வானில் தனியாகப் பிரிந்து நிற்கும் தாழ்வழுத்தமோ வந்தால்தான் பனி பொழியும். அது மே மாதத்திலும் வரலாம், செப்டம்பரிலும் வரலாம், நீங்கள் குறித்த வாரத்தில் வராமலும் போகலாம். பொழிந்த பனியும் வெயில் படும் இடங்களில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிற்பதில்லை.

ஆனால் உறைந்த நீர் அப்படியல்ல. நம் நாட்டிலிருந்து லெசோத்தோவுக்கு மலையேறும் சானி கணவாய்ச் சாலையின் ஓரத்தில் விழும் சிற்றருவிகளும், பாறை இடுக்கில் கசியும் ஊற்றுகளும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கண்ணாடித் தூண்களாக நிற்கும். இந்த ஊருக்கு வந்த 19 ஆண்டுகளில் ஜூலையில் அங்கே போய் உறைந்த அருவியைக் காணாமல் நான் திரும்பியதில்லை. பனியைக் காணாமல் திரும்பியது பலமுறை. எனவே அருவியை நம்பித் திட்டமிடுங்கள். பனி கிடைத்தால் அது மேல்வரவு.

லெனேசியா தம்பி

ஹோவிக் அண்ணா சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் கட்டாயம் பனி வேண்டும் என்று அக்கா கேட்டிருப்பதால் ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்குத் தலத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. லெசோத்தோவில் மாலோட்டி மலைகளில், 3,222 மீட்டர் உயரமுள்ள மஹ்லாசெலா கணவாய்க்கு அருகில் இருக்கிறது. அங்கே வானத்தை நம்பி யாரும் காத்திருப்பதில்லை. நீரை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கும் இயந்திரங்களை இரவில் இயக்குகிறார்கள். துளிகள் தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிடுகின்றன. மலைக் காற்று வறண்டிருப்பது இதற்கு உதவியே செய்கிறது, ஏனெனில் துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போது மீதிப் பகுதி இன்னும் குளிர்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளச் சரிவில் சறுக்குகிறார்கள்.

ஹோவிக் வாசி

தம்பி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் உங்களுக்கு அது அதிகாலையில் கிளம்பி நள்ளிரவில் திரும்பும் பயணம். டர்பனிலிருந்து போவதற்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிலும் கலிடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டிய பிறகு மோட்டெங் கணவாய் ஏறியாக வேண்டும். 72 வயதுப் பெரியவரை ஒரே நாளில் 12 மணி நேரம் காரில் உட்காரவைப்பது முறையாகாது. மெரிபேங்கிலிருந்து சானி கணவாய்க்குக் கீழே உள்ள அண்டர்பெர்க் ஊர் சுமார் 200 கிலோமீட்டர்தான். என்3 நெடுஞ்சாலையில் ஹோவிக் வரை வந்து, அங்கிருந்து ஆர்617 சாலையில் பாஸ்டன், புல்வர் வழியாகப் போனால் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் சேரலாம்.

பழைய லாரிக்காரன்

நான் 31 ஆண்டுகள் என்3 சாலையில் லாரி ஓட்டியவன். பனியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்: பனி விழும் நாளில் போகாதீர்கள்.

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரக்கடைசியில் ஹாரிஸ்மித் பக்கம் என்3 முழுவதும் அடைபட்டு, ஏராளமான வண்டிகள் இரவு முழுவதும் பனிக்குள் நின்றன. வேலையாகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் பாவம். ஆனால் வேடிக்கை பார்க்கவென்றே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, போர்வைகூட இல்லாமல், அரை டாங்க் பெட்ரோலோடு மலையேறுகிறவர்களை ஒவ்வொரு பனிக்காலத்திலும் நான் பார்த்திருக்கிறேன். 1996 ஜூலைப் பனியிலும் இதே கதைதான். நம் ஊர் வண்டிகளில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டும் வழக்கம் கிடையாது. இந்த மாகாணத்துச் சாலையில் அதை வைத்திருந்த ஒருவரை நான் கண்டதில்லை.

பொழிந்து முடிந்து, வானம் வெளுத்து, சாலையைத் திறந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புறப்படுங்கள். அந்த இரண்டு நாளில் பனியெல்லாம் கரைந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். நம் நாடு பூமியின் தென்பாதியில் இருப்பதால் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. தெற்கு நோக்கிய சரிவுகள் நாள் முழுதும் நிழலில் கிடக்கும். மலையின் எந்த முகத்தில் பனி தங்கும் என்பதற்கு இதுவே கணக்கு. இந்தியாவிலிருந்து வந்த என் சம்பந்தி ஒருவர் வடக்குச் சரிவைத் தேடிப் போய் வெறும் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்.

பக்கி வைத்திருப்பவன்

மாமா சொல்வது சரிதான். ஆனால் சானி கணவாய்க்குச் சுற்றுலா வண்டியில் பணம் கொடுத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள பக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது. நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு கீறலும் விழவில்லை. அக்கா விரும்பினால் யாரிடமாவது அப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டலாம்.

பழைய லாரிக்காரன்

தம்பி, நான்கு முறையும் எந்த மாதத்தில் ஏறினீர்கள்?

பக்கி வைத்திருப்பவன்

மூன்று முறை பிப்ரவரியில், ஒரு முறை ஏப்ரலில்.

பழைய லாரிக்காரன்

அதைத்தான் கேட்க நினைத்தேன். சரளைக்கல் சாலையில் ஏறுவதும், சரளைக்கல்லின் மீது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும்போது ஏறுவதும் ஒன்றல்ல. அந்தச் சாலையில் வெயிலே படாத ஒரு வளைவை ஓட்டுநர்கள் பனிக்கட்டி மூலை என்றே அழைக்கிறார்கள். நான்கு சக்கரமும் சுழன்றால் ஏறலாம். ஆனால் நான்கு சக்கரமும் வழுக்கினால் நிற்க முடியாது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் என்ஜினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துவிட்டால் பிறகு வண்டி நம் பேச்சைக் கேட்காது. ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வருகிற ஒருவர், தாயையும் பிள்ளைகளையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, முதன்முதலாக இதைப் பழக வேண்டுமா?

பக்கி வைத்திருப்பவன்

ஏற்றுக்கொள்கிறேன், மாமா. குளிர்காலத்தில் நான் போனதில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஹோவிக் வாசி

இருவருக்கும் நன்றி. சின்னக் கார் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கணவாயின் அடிவாரத்தில் உள்ள தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே நான்கு சக்கர இயக்கமில்லாத வண்டிகளை மேலே விடமாட்டார்கள். காரை ஹிம்வில்லிலோ அண்டர்பெர்க்கிலோ நிறுத்திவிட்டு, அங்கிருந்து நாள்தோறும் புறப்படும் சுற்றுலா வண்டியில் இடம் பதிவு செய்யுங்கள். பனியால் கணவாய் மூடப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை வாய்ச்சொல்லை நம்பி முழுப் பணத்தையும் இழந்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரை என் யோசனை இது. காலை 5 மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுங்கள். ஜூலையில் விடிவதற்கு ஏழு மணி நெருங்கிவிடும். முதல் பாதி இருட்டில்தான் போகும், மூடுபனியும் இருக்கலாம் என்பதால் நிதானம் வேண்டும். எட்டரை மணிக்குள் ஹிம்வில் சேர்ந்துவிட்டால் 9 மணி வண்டியைப் பிடிக்கலாம். நின்று நின்று ஏறினாலும் 11 மணியளவில் மேலே இருப்பீர்கள். ஆனால் மேலிருந்து ஒன்றரை மணிக்கு மேல் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கணவாய் கிழக்குப் பார்த்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பிற்பகலிலேயே சாலை நிழலாகிவிடும், உருகிய நீர் மறுபடி உறையத் தொடங்கும். டர்பனில் ஐந்து மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். புல்வர் பக்கத்தில் மாடுகள் சாலையில் நிற்கும் நேரமும் அதுதான்.

ஃபீனிக்ஸ் செவிலி

யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சானி உச்சியின் உயரம் சுமார் 2,874 மீட்டர். கடற்கரையில் தூங்கி எழுந்தவர் ஆறு மணி நேரத்தில் அங்கே நிற்கிறார். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்குதான். பலருக்குத் தலைவலியும் படபடப்பும் வரும். ஓரிரு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு இறங்கினால் பெரும்பாலானோருக்குத் தானே சரியாகிவிடும் என்றாலும், மாமியாருக்கு இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டிப்போகக் கூடாது.

நம்மவர்களில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை? அவருக்கு இன்சுலின் போடும் வழக்கம் இருந்தால் அதைப் பெட்டியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்பின் சூட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும். கால் மரத்துப்போனவர்களுக்குக் குளிர் ஏறுவதே தெரியாது என்பதால் கம்பளிக் காலுறையை நீங்களே போட்டுவிட்டு, ஈரமாகிறதா என்று அடிக்கடி பாருங்கள். மேலே பகலில் 5 பாகை இருந்தாலே நல்ல நாள். காற்று வீசினால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

மெரிபேங்க் மருமகள்

இவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கும் அனைவருக்கும் நன்றி. மாமியாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, இன்சுலின் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உச்சியில் இருக்க வேண்டாம், ஓட்டமும் ஏற்றமும் கூடாது என்று சொல்லி அனுமதித்தார்.

இப்போது இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. சின்னவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை. அடுத்தது, ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மாமியார் அன்று கோவிலை விட்டு எங்கும் வரமாட்டார்.

ஹோவிக் வாசி

உச்சி லெசோத்தோ நாட்டுக்குள் இருப்பதால் கைக்குழந்தையானாலும் பாஸ்போர்ட் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் தேவை. உங்கள் கணவருக்குக் கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறும் வாய்ப்பு உண்டென்றால் அதை இப்போதே எழுதி உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் வந்துசேராவிட்டால் எல்லையைத் தாண்டாமலே கார்டன் காசில் அல்லது ஜயண்ட்ஸ் காசில் பக்கம் போகலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய மலைச்சுவரில் பனி படிந்திருப்பதைக் கீழிருந்து பார்ப்பதும் அழகுதான். ஆனால் அது பார்க்கும் பனி. தொடும் பனி வேண்டுமென்றால் சானிதான்.

சாட்ஸ்வர்த் பெரியம்மா

எல்லோரும் வண்டியையும் வானத்தையும் பற்றியே எழுதுகிறீர்கள். சாப்பாட்டை நான் சொல்கிறேன். மேலே உணவகம் உண்டு, ஆப்பிரிக்காவிலேயே மிக உயரமான மதுக்கடை என்று பலகையும் உண்டு, ஆனால் ஆடி விரதம் பிடிக்கிற பெரியவருக்கு அங்கே உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டு போங்கள். புளிச்சோறும் நன்றாகத் தாங்கும். தேநீரை வீட்டிலேயே போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடுகிறது என்று என் பேரன் படித்துச் சொன்னான். அதனால்தானோ என்னவோ, அங்கே குடித்த தேநீரில் சாயமே இறங்கவில்லை. நான் கடைக்காரரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ரேண்ட் பணத்தை அங்கே அப்படியே வாங்கிக்கொள்வார்கள், மாற்றத் தேவையில்லை.

பழைய லாரிக்காரன்

இன்று செவ்வாய்க்கிழமை. தங்கை, கவனியுங்கள். காலையிலிருந்து டர்பனில் உள்நாட்டுச் சூடான காற்று வீசுகிறது. ஜூலைக் கடைசியில் வீட்டுக்குள் விசிறி போட வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது வேறு காற்றைப் பற்றி. ஆனால் இங்கே பெர்க் காற்று இப்படிச் சுட்டால் அதன் பின்னாலேயே குளிர்முகம் வருகிறது என்று அர்த்தம். மலையின் மேலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று அமுங்கி அமுங்கிச் சூடாகிறது, அதை இழுப்பதே நெருங்கிவரும் தாழ்வழுத்தம்தான். வானிலைத் துறையும் வியாழக்கிழமை டிராக்கன்ஸ்பெர்க்கின் தென்பகுதிக்குப் பனி எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. வியாழனும் வெள்ளியும் வீட்டிலேயே இருங்கள்.

மெரிபேங்க் மருமகள்

மாமா, சின்னவனுடைய பாஸ்போர்ட் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கணவருக்குத் திங்கட்கிழமை ஓய்வு. பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டது. ஒரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடித்துவிட்டு, மறுநாள் புறப்படுவதாகச் சுற்றுலா வண்டியில் பதிவு செய்திருக்கிறேன். கணவாய் மூடியிருந்தால் வேறு நாள் தருவதாக மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிட்டேன்.

மெரிபேங்க் மருமகள்

போய்விட்டு வந்துவிட்டோம். விரிவாக எழுத வேண்டும் என்று ஒரு நாள் பொறுத்திருந்தேன்.

வியாழனன்று பனி பொழிந்தது. வெள்ளியும் சனியும் கணவாயை மூடியிருந்தார்கள்; ஞாயிறு நண்பகலில் திறந்ததாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமை அண்டர்பெர்க்கில் கார் கண்ணாடியைச் சுரண்டும் அளவுக்குப் புல்வெளி முழுதும் வெளுத்திருந்தது. பெரியவள் அதையே பனி என்று நினைத்துக் குதித்தாள்.

எல்லைச் சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், ஹோவிக் அண்ணா சொன்ன அருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஓட்டுநர் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். மெழுகு வழிந்து நின்றதுபோல மூன்று ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி. மாமியார் அதன் அருகே போய்க் காது கொடுத்துக் கேட்டு, "உள்ளே தண்ணீர் ஓடுகிறது" என்றார். எங்களுக்கு முதலில் கேட்கவில்லை. பிறகு ஓட்டுநரும் ஆமாம் என்றார். வெளிப்பக்கம் உறைந்தாலும் பாறையை ஒட்டி நீர் இறங்கிக்கொண்டே இருக்குமாம்.

உச்சியில் வெயில் பட்ட இடமெல்லாம் கரைந்து திட்டுத் திட்டாகத்தான் பனி இருந்தது. மாமியாரின் முகம் வாடியதைப் பார்த்த ஓட்டுநர், மேலும் சிறிது தூரம் தார்ச்சாலையில் கோட்டிசெபோலா கணவாய் வரை அழைத்துப்போனார். அதன் உயரம் 3,240 மீட்டர். லாரிக்கார மாமா சொன்ன கணக்குப்படியே தெற்குச் சரிவில் முழங்கால் அளவுக்குப் பனி அப்படியே கிடந்தது. மாமியார் கையுறையைக் கழற்றி அள்ளிப் பார்த்தார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "ஐஸ் பெட்டியில் சுரண்டினால் வருவதுதானே இது" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது முறையும் அள்ளினார். பெரியவளுக்குத் தலைவலி வந்ததால் 20 நிமிடத்தில் இறங்கிவிட்டோம். ஹிம்வில் வந்ததும் அது போய்விட்டது.

பெரியம்மாவுக்கு ஒரு செய்தி. தேநீர் தீர்ந்ததும் மாமியார் பிளாஸ்கை நன்றாகக் கவிழ்த்து உதறி, அதில் பனியை அடைத்து மூடிவிட்டார். இரவு ஏழரைக்கு வீட்டில் திறந்தபோது பாதிக்கு மேல் பனியாகவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

பழைய லாரிக்காரன்

மிக்க மகிழ்ச்சி, தங்கை. பனிக்கட்டி மூலையில் ஓட்டுநர் என்ன செய்தார்?

மெரிபேங்க் மருமகள்

ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தினார், மாமா. இறங்கி நடந்துபோய்க் காலால் தேய்த்துப் பார்த்தார். திரும்பி வரும்போது அங்கே உறைய ஆரம்பித்திருந்தது. வண்டியின் பின்னால் ஒரு சாக்கில் சரளை வைத்திருந்தார். அதைச் சக்கரம் போகும் தடத்தில் இரண்டு வரிசையாகக் கொட்டிவிட்டு, எங்களை இறங்கி நடக்கச் சொல்லி, வெறும் வண்டியைத் தனியாக இறக்கினார். அப்போது மணி இரண்டேகால்.